காரும் போனும் சேர மாட்டேன் என்கிறதா? புளூடூத் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்களுக்கு ஸ்டீரியோ பொருத்துவது என் தொழில். 'செட்டு கெட்டுப்போச்சு, கழற்றிப் பாருங்க' என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்களில் நிறையப் பேருக்கு செட்டில் ஒரு கோளாறும் இருக்காது. போனுக்கும் காருக்கும் நடுவே இருக்கும் புளூடூத் இணைப்பில்தான் சிக்கல். பத்து நிமிட வேலை, வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் அது சரியாகும் வரை போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. அதனால்தான் கடையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன்.

செட் என்று நான் சொல்வது டேஷ்போர்டில் இருக்கும் மியூசிக் சிஸ்டத்தை. கீழே சொல்லும் எதையும் ஓடும் வண்டியில் செய்யாதீர்கள். ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

1. போன்ல எவ்வளவு தேடினாலும் என் கார் பேரே வரமாட்டேங்குது.

பெரும்பாலான செட்கள் எந்நேரமும் தங்களை வெளியே காட்டிக்கொள்வதில்லை. செட்டில் புளூடூத் பக்கத்துக்குப் போய் 'ஆட் டிவைஸ்' அல்லது 'பேர் நியூ போன்' என்று இருப்பதைத் தொட்ட பிறகு, சில நிமிடங்கள் மட்டும் அதன் பெயர் போன்களுக்குத் தெரியும். அதற்குள் போனில் தேடிப் பிடிக்க வேண்டும். போனும் அப்படித்தான். செட்டிங்ஸில் புளூடூத் பக்கம் திறந்திருக்கும்போதுதான் அது புதிய கருவிகளின் கண்ணில் படும். போனிலிருந்து தேடிக் கிடைக்காவிட்டால், இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செட்டிலிருந்து போனைத் தேடிப் பாருங்கள். பல நேரம் அதில் கிடைத்துவிடும்.

வண்டி நகரும்போது பல கார்களில் புதுப் போன் சேர்க்கும் மெனு மங்கிப்போய், தொட்டாலும் வேலை செய்யாது. அது பாதுகாப்புக்காக வைத்தது. அப்புறம், வேறொரு போன் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் சில செட்கள் புதிதாகத் தேடவே தேடாது. வண்டியில் இருக்கும் மற்றவர்களின் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு முயலுங்கள்.

2. நாலு இலக்க நம்பர் ஒண்ணு கேக்குது. அது எங்கே எழுதியிருக்கும்?

பழைய செட்களில் அது 0000 அல்லது 1234 ஆகத்தான் இருக்கும். முதலில் இரண்டையும் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் செட்டின் புத்தகத்தில் இருக்கும். 2007-இல் வந்த புளூடூத் 2.1 முதல் முறை மாறிவிட்டது. போனிலும் செட்டிலும் ஆறு இலக்க எண் ஒன்று தானாகத் தோன்றும். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து, இரண்டு பக்கமும் சரி கொடுக்க வேண்டும். போனில் மட்டும் சரி கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அதிகம். செட் தன் பங்குக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு 'தோல்வி' என்று காட்டிவிடும்.

3. 'பேர்டு'ன்னு காட்டுது, ஆனா 'கனெக்டட்'னு வரல. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இந்த வித்தியாசம் புரிந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். பேர் ஆவது, அதாவது ஜோடி சேர்வது, அறிமுகம் மாதிரி. முதல் தடவை சேரும்போது போனும் செட்டும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. கனெக்ட் ஆவது தினம் நடக்கும் சந்திப்பு. நீங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் செட் தன் பட்டியலில் இருக்கும் போன்களைத் தேடும், கிடைத்ததும் சாவியை ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தினால் இணையும்.

ஆக, பேர்டு என்றால் சாவி இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அந்தச் சாவி இன்னும் பொருந்துகிறதா என்பது வேறு விஷயம்.

4. ரெண்டு வருஷமா தானா சேர்ந்துச்சு. திடீர்னு நின்னுபோச்சு. நான் எதையும் தொடவே இல்லை.

நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள்தான். போன் தானாக அப்டேட் ஆகியிருக்கலாம், கார் பேட்டரி ஒரு நாள் இறங்கிப்போய்ச் செட்டின் நினைவு குழம்பியிருக்கலாம். முதலில் எளிய வழி: போனில் புளூடூத்தை அணைத்துப் போடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மேலிருந்து இழுக்கும் கன்ட்ரோல் சென்டரில் புளூடூத் குறியைத் தொட்டால் அது முழுதாக அணையாது, அப்போதைக்குத் துண்டிக்கும், அவ்வளவுதான். செட்டிங்ஸுக்குள் போய் அணைத்தால்தான் அணைந்ததாகக் கணக்கு. அப்புறம் போனையே ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

செட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாலும் பல கார்களில் செட் உடனே தூங்கிவிடாது. நிறுத்தி, இறங்கி, கதவைப் பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள். சில செட்களில் பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ரீஸ்டார்ட் ஆகும். இதிலும் சரியாகாவிட்டால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

5. போன்ல 'ஃபர்கெட்' கொடுத்துட்டு மறுபடி சேர்த்துப் பார்த்தாச்சு. அதே கதைதான்.

கடையில் எனக்கு வரும் புகார்களில் அதிகம் இதுதான், காரணமும் அநேகமாக ஒன்றேதான். போனில் மட்டும் அழித்திருப்பார்கள். சாவி இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 3-ஆம் கேள்வியில் சொன்னேன் அல்லவா? போனில் அழித்தால் போனின் பிரதி போய்விடும். செட்டோ பழைய பிரதியை வைத்துக்கொண்டே இருக்கும். போன் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வரும்போது செட் பழைய சாவியையே நீட்டும். சில செட்கள் சமாளித்துக்கொள்ளும், பல செட்கள் தடுமாறும்.

சரியான வரிசை இது: போனில் காரின் பெயரை அழியுங்கள். செட்டின் புளூடூத் பட்டியலுக்குப் போய் உங்கள் போனின் பெயரையும் அழியுங்கள். இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகு, முதல் தடவை சேர்ப்பதுபோல 1-ஆம் கேள்வியில் சொன்னபடி சேருங்கள். நடுவில் ரீஸ்டார்ட்டை விட்டுவிடாதீர்கள்.

செட்டின் பட்டியலைத் திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பட்டியலில் இத்தனை போன்தான் என்று ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, பல செட்களில் அது ஐந்துதான். போன வருடம் மாற்றிய போன், ஊருக்கு வந்துபோன மச்சானின் போன், வாட்டர் சர்வீஸ் பையன் பாட்டுக் கேட்கச் சேர்த்த போன் என்று எல்லாம் அதில் உட்கார்ந்திருக்கும். நிறைந்துவிட்டால் புதிதுக்கு இடம் இருக்காது. தேவையில்லாததை எல்லாம் அழித்துவிடுங்கள்.

6. கோளாறு போன்லயா, கார்லயா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு சோதனை போதும். உங்கள் போனை வேறொரு புளூடூத் ஸ்பீக்கரிலோ ஹெட்செட்டிலோ சேர்த்துப் பாருங்கள். வேறொருவர் போனை உங்கள் காரில் சேர்த்துப் பாருங்கள். உங்கள் போன் எதிலும் சேராவிட்டால் தவறு போனில். எந்தப் போனும் காரில் சேராவிட்டால் தவறு செட்டில். இரண்டும் தனித்தனியாக நன்றாக வேலை செய்து, இந்தப் போனும் இந்தக் காரும் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் 5-ஆம் கேள்விக்கும் 13-ஆம் கேள்விக்கும் போங்கள். பணம் செலவழிக்கும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள். செட்டைக் கழற்றினாலே கூலி உண்டு, கோளாறு போனில் இருந்தால் அது வீண்.

7. போன் பேசினா கார் ஸ்பீக்கர்ல கேக்குது. பாட்டு மட்டும் வரல.

புளூடூத் இணைப்பு ஒரே குழாய் இல்லை. பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி, பாட்டை மாற்றும் பட்டன்களுக்கு ஒரு வழி, தொலைபேசிப் பெயர்களுக்கு ஒரு வழி என்று தனித்தனி. இவற்றை 'புரொஃபைல்' என்பார்கள். ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றவை வேலை செய்யும். ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் பக்கத்தில் கார் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரக் குறியைத் தொடுங்கள். 'போன் கால்ஸ்', 'மீடியா ஆடியோ', 'கான்டாக்ட் ஷேரிங்' என்று தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். பாட்டு வராவிட்டால் மீடியா ஆடியோவும், பேச்சு வராவிட்டால் போன் கால்ஸும் அணைந்திருக்கும்.

ஐபோனில் இந்தப் பொத்தான்கள் இல்லை. அங்கே கார் பெயரைத் தொட்டு, கருவியின் வகை 'கார் ஸ்டீரியோ' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு போனுக்கும் பொதுவாக ஒன்று: செட் எஃப்எம்மில் இருந்தால் புளூடூத் பாட்டு வராது, செட்டின் சோர்ஸைப் புளூடூத் ஆடியோவுக்கு மாற்ற வேண்டும். ஒலி மிகக் குறைவாக இருந்தால் போனின் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றிவிட்டு, அதன் பிறகு கார் வால்யூமில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கான வால்யூம் தனி, பெரும்பாலான செட்களில் அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் மாற்ற முடியும்.

8. கால் வந்தா நம்பர் மட்டும் வருது. சில பேருக்குக் கட்டம் கட்டமா வருது.

நம்பர் மட்டும் வந்தால் பெயர்களைக் காருக்குக் கொடுக்க அனுமதி தரவில்லை என்று பொருள். முதல் தடவை சேர்க்கும்போது போன் அதைக் கேட்டிருக்கும், அவசரத்தில் வேண்டாம் கொடுத்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டில் மேலே சொன்ன 'கான்டாக்ட் ஷேரிங்', ஐபோனில் கார் பெயருக்குள் இருக்கும் 'சிங்க் கான்டாக்ட்ஸ்'. போட்டுவிட்டு ஒருமுறை துண்டித்துச் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் பெயர்கள் இறங்கிவிடும்.

கட்டம் கட்டமாக வருவது நம் ஆட்களுக்கு அடிக்கடி வரும் பிரச்சினை. 'அம்மா' என்று தமிழில் பதிந்து வைத்திருப்பீர்கள், செட்டில் தமிழ் எழுத்துரு இருக்காது. அதனால் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டம். போனில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது போகாது. தமிழ் காட்டும் செட்களும் இருக்கின்றன, வாங்கும் முன் ஒரு தமிழ்ப் பெயருக்குக் கால் போட்டுக் கடையிலேயே பாருங்கள். இருக்கும் செட்டை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்றால், அடிக்கடி பேசும் பத்துப் பேரின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்வதுதான் வழி. அம்மா பெயரை அப்படி மாற்ற எனக்கும் மனசு வராமல்தான் இருந்தது. ஆனால் யார் கூப்பிடுகிறார்கள் என்று ஓட்டும்போது போனை எடுத்துப் பார்ப்பதைவிட அது மேல்.

9. மேப்ல வழி சொல்ற குரல் எங்கேயுமே கேக்க மாட்டேங்குது. போன்லயும் இல்லை, கார்லயும் இல்லை.

நீங்கள் எஃப்எம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். போன் தன் குரலைப் புளூடூத் வழியாகக் காருக்கு அனுப்பிவிட்டது, கார் அந்த வழியைத் திறக்கவில்லை. குரல் நடுவில் தொலைந்துபோகிறது. சோர்ஸைப் புளூடூத்துக்கு மாற்றுங்கள். எஃப்எம்தான் வேண்டும் என்றால், கூகுள் மேப்ஸின் நேவிகேஷன் செட்டிங்ஸில் 'பிளே வாய்ஸ் ஓவர் புளூடூத்' என்பதை அணைத்துவிடுங்கள். குரல் போனிலிருந்தே வரும்.

10. எனக்கு நல்லா கேக்குது. எதிர்ல பேசுறவங்கதான் 'கிணத்துக்குள்ளருந்து பேசுற மாதிரி இருக்கு'ங்கிறாங்க.

இது இணைப்புக் கோளாறு இல்லை, மைக் சமாச்சாரம். எதிரில் இருப்பவருக்கு அவர் குரலே திரும்பிக் கேட்டால், கார் ஸ்பீக்கரில் வரும் அவர் சத்தத்தை மைக் மறுபடி பிடிக்கிறது. அதை வடிகட்டுவது செட்டின் வேலைதான், ஆனால் வால்யூம் அதிகமானால் அதனால் முடியாது. வால்யூமைக் குறைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏசி காற்று மைக்கில் நேராக அடித்தாலும் இரைச்சல் வரும், ஃபேனைக் குறைத்து வென்ட்டைத் திருப்பிவிடுங்கள்.

வெளியில் வாங்கிப் பொருத்திய செட் என்றால் இதைக் கவனியுங்கள். பல செட்களுடன் வயரோடு தனி மைக் ஒன்று டப்பாவில் வரும். அதை ஸ்டியரிங் பக்கமோ கண்ணாடித் தூண் மேலோ வாய்க்கு அருகில் பொருத்த வேண்டும். வயர் இழுக்க நேரமாகும் என்று சிலர் அதைப் பொருத்தாமலே விட்டுவிடுகிறார்கள். அப்போது செட்டின் முகப்பில் ஊசித்துளை அளவில் இருக்கும் மைக்தான் வேலை செய்யும், அது உங்கள் வாயிலிருந்து தூரம். என் தொழிலில் இருப்பவர்கள் செய்யக்கூடாத வேலை இது. டப்பாவில் மைக் கிடக்கிறதா என்று பாருங்கள், கிடந்தால் பொருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

11. பாட்டு விட்டு விட்டு வருது.

முதலில் போனில் இறக்கி வைத்திருக்கும் பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது சீராக வந்தால் பிரச்சினை இன்டர்நெட் சிக்னலில், புளூடூத்தில் இல்லை. சில நிமிடம் பாடிவிட்டு ஸ்கிரீன் அணைந்ததும் நின்றுபோனால், போனின் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பை மூடுகிறது. அந்த ஆப்பின் பேட்டரி செட்டிங்கில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' கொடுங்கள்.

இறக்கி வைத்த பாட்டும் துண்டு துண்டாக வந்தால் அலையில் இடைஞ்சல். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகிறது, நிறைய வைஃபை கருவிகளும் அங்கேதான். பாட்டு வரும் இணைப்பு அந்தப் பகுதியை 79 தடங்களாகப் பிரித்து, விநாடிக்கு 1600 முறை தடம் மாறி மாறித் தாவும். அதனால்தான் இத்தனை நெரிசலிலும் தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் டேஷ்கேமின் வைஃபை பக்கத்திலேயே எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் தடுமாறலாம், அதை அணைத்துப் பாருங்கள். நம் உடம்பில் இருக்கும் நீர் இந்த அலையை உறிஞ்சும் என்பதால், பின் பாக்கெட்டில் போனை வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாலும் விட்டு விட்டு வரும். போனை முன்னால் ஸ்டாண்டில் வையுங்கள்.

12. வண்டியை ஸ்டார்ட் பண்ணா என் போனுக்குப் பதிலா வீட்டுக்காரம்மா போன் சேர்ந்துடுது. அவங்க மாடியில பேசிட்டு இருக்கிறது கார்ல கேக்குது!

புளூடூத்தின் எட்டும் தூரம் சாதாரணமாகப் பத்து மீட்டர். போர்ட்டிகோவில் வண்டி நின்றால் மாடி அறை அதற்குள் அடங்கிவிடும். பல செட்கள் கடைசியாகச் சேர்ந்த போனைத்தான் முதலில் தேடும். நேற்று அவர் ஓட்டியிருந்தால் இன்று அவர் போன்தான். செட்டில் 'பிரையாரிட்டி' அல்லது 'ஆட்டோ கனெக்ஷன்' என்று ஒரு மெனு இருந்தால் உங்கள் போனை முதலில் வையுங்கள். இல்லாவிட்டால், குறைவாக ஓட்டுபவரின் ஆண்ட்ராய்டு போனில் காரைச் சேர்த்து வைத்துக்கொண்டு 'போன் கால்ஸ்', 'மீடியா ஆடியோ' இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடலாம் (7-ஆம் பதில்). ஓட்டும் நாளில் போட்டுக்கொண்டால் போதும்.

அவர்கள் அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்தால், கால் திரையில் இருக்கும் ஸ்பீக்கர் குறியைத் தொட்டுப் போனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், பேச்சு போனுக்குத் திரும்பிவிடும். அந்தரங்கமாகப் பேசுகிறவர்களுக்கு இது சங்கடம் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

13. போன் அப்டேட் ஆனதிலிருந்து பாட்டு பேரு வரமாட்டேங்குது, ஸ்டியரிங் பட்டன்ல பாட்டு மாற மாட்டேங்குது.

7-இல் சொன்ன வழிகளில் பட்டன்களுக்கான வழி இது. போன் புதிய பதிப்பில் பேசுகிறது, செட் பழைய பதிப்பை மட்டும் புரிந்துகொள்கிறது. முதலில் 5-இல் சொன்னபடி இரண்டு பக்கமும் அழித்துச் சேருங்கள். அடுத்தது காரின் செட்டுக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். போனுக்கு மாதாமாதம் அப்டேட் போடுகிறவர்கள் செட்டுக்கு வாங்கிய நாளிலிருந்து ஒன்றுகூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு வழி உண்டு. 'அபவுட் போன்' பகுதியில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'புளூடூத் ஏவிஆர்சிபி வெர்ஷன்' (பட்டன்களுக்கான அந்த வழியின் பெயர்தான் ஏவிஆர்சிபி) என்பதைக் குறைந்த எண்ணுக்கு மாற்றிவிட்டுப் புளூடூத்தை அணைத்துப் போடுங்கள். அங்கே வேறு எதையும் தொடாதீர்கள். முன்பு இருந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள். எதுவும் உதவாவிட்டால் கடைசியாக, ஆண்ட்ராய்டில் 'ரீசெட் புளூடூத் அண்ட் வைஃபை', ஐபோனில் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்'. படம், நம்பர் எதுவும் போகாது, ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும்.

14. புளூடூத் சேருது, வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ மட்டும் வரல.

ஆண்ட்ராய்டு ஆட்டோ என்பது போனின் மேப், பாட்டு ஆப்களைச் செட்டின் திரையில் காட்டும் வசதி. வயர்லெஸ்ஸில் புளூடூத் முக்கியமாகக் கதவைத் தட்டும் வேலையைச் செய்கிறது. மேப் திரையும் பாட்டும் வைஃபை வழியாகப் போகின்றன. போனில் வைஃபை அணைந்திருந்தால் வராது. விபிஎன் (இன்டர்நெட்டை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டிருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஐபோனுக்கான வயர்லெஸ் கார்பிளேயும் இதே முறைதான். கேபிளில் வேலை செய்து வயர் இல்லாமல் வராவிட்டால், உங்கள் செட் வயர்லெஸ் உள்ள ரகம்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஒரே மாடல் காரில் கூட விலை குறைந்த வேரியன்டிலும் விலை கூடிய வேரியன்டிலும் வேறு வேறு செட் வரும்.

15. பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

நீங்களாகச் செய்யாதீர்கள். செட் ரீசெட் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் கடிகாரம், பவர் விண்டோவின் ஆட்டோ நினைவு எல்லாம் போகலாம், சில கார்களில் செட் திருட்டுப் பாதுகாப்புக்கான ரகசிய எண்ணைக் கேட்டு நின்றுவிடும். அந்த எண் எழுதிய அட்டை எங்கே என்று தெரியாமல் என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. செட்டின் மெனுவிலேயே 'ஃபேக்டரி ரீசெட்' இருக்கிறது, அது போதும்.

16. புளூடூத்துல பேசினா போலீஸ் பிடிக்க மாட்டாங்கதானே?

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவில், 2019 திருத்தத்தின்படி, ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொலைபேசிக் கருவி ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. காரின் புளூடூத்தில் கை ஸ்டியரிங்கில் இருக்கும். ஆனால் கவனம் பேச்சில்தானே இருக்கும்? 'ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்' என்று சொல்லி வைக்கும் அளவுக்குத்தான் நான் பயன்படுத்துகிறேன். நீண்ட பேச்சு என்றால் ஓரம் கட்டுங்கள்.

17. காரை விக்கப் போறேன். புளூடூத்துல ஏதாவது செய்யணுமா?

கட்டாயம். செட்டுக்குள் உங்கள் தொலைபேசிப் பெயர்கள், யாருக்கு எப்போது கூப்பிட்டீர்கள் என்ற பட்டியல், நேவிகேஷன் இருந்தால் வீட்டு முகவரி வரை இருக்கும். பட்டியலில் போனை அழிப்பதோடு நிற்காமல் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள், அப்புறம் உங்கள் போனிலும் கார் பெயரை அழியுங்கள். பழைய கார் வாங்குகிறவர்களும் முதல் வேலையாக இதையே செய்யுங்கள். முந்தைய உரிமையாளரின் போன்கள் போய்ப் பட்டியல் காலியாகும், 5-இல் சொன்ன தொல்லையும் வராது. வாடகைக் காரில் சேர்ப்பதாக இருந்தால் பெயர்களுக்கு அனுமதி கேட்கும்போது வேண்டாம் கொடுங்கள், சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் செட்டிலிருந்து உங்கள் போனை அழித்துவிட்டு இறங்குங்கள்.